பொய் மணியும் பூட்டின கதவும்

அய்யம்மாளின் தங்கை வெள்ளைத்தாய் சாத்தூர் தீப்பெட்டிக் கம்பெனியில் அடிபட்டுச் செத்தபோது அங்கே தீ எதுவும் பிடித்திருக்கவில்லை. ஒரு பொறிகூட விழவில்லை. தீ என்று மணி அடித்தது, அத்தனை பெண்களும் ஒரே கதவைப் பார்த்து ஓடினார்கள், ஏழு மாதப் பிள்ளைத்தாய்ச்சி கீழே விழுந்துவிட்டாள், அவ்வளவுதான் நடந்தது என்று கம்பெனி சொன்னது. அய்யம்மாளும் அதை நம்பினாள். அப்படி நம்பிக் கழித்த மாதங்களை நினைத்துத்தான் பிற்பாடு அவளுக்கு ஆத்திரம் அடங்கவே இல்லை.

அவர்களுக்கு ஊர் இருக்கன்குடிப் பாதையில் இருந்தது. அப்பனும் ஆத்தாளும் நிலம் உள்ள சம்சாரிகளின் கரிசல் காட்டில் பருத்தி எடுத்தும் கம்பு அறுத்தும் பிழைத்தவர்கள். ஆத்தாள் போனபோது வெள்ளைத்தாய் தவழ்கிற பிள்ளை. அய்யம்மாள்தான் இடுப்பில் தூக்கிக்கொண்டு காட்டுக்குப் போவாள், வரப்பில் துணி விரித்துப் போட்டுவிட்டு வேலை பார்ப்பாள். மழை பொய்த்து, கூப்பிட்டு வேலை கொடுக்க ஆள் இல்லாமல் போனபோது இரண்டு பேரும் சாத்தூருக்கு நடந்தார்கள். தீப்பெட்டிக் கம்பெனிக்கு எப்போதும் கைகள் வேண்டியிருந்தன. ஐம்பதுகளின் கடைசியில் இரண்டு பேருக்கும் கல்யாணமும் அங்கேயே ஆயிற்று. அய்யம்மாள் புருஷன் ஆண்டிச்சாமி ரயிலடியில் மூட்டை ஏற்றுகிறவன். வெள்ளைத்தாய் புருஷன் செல்லப்பாண்டி கொத்தனாருக்குக் கையாள்.

கம்பெனி என்றால் மூன்று நீளக் கொட்டகைகள். முதல் கொட்டகையில் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து மரச்சட்டத்தில் குச்சிகளை அடுக்குவார்கள். அதற்குக் கட்டை அடுக்குவது என்று பேர். அடுக்கின கட்டைகள் நடுக் கொட்டகைக்குப் போகும். அங்கே குச்சியின் நுனியை மெழுகிலும் மருந்திலும் முக்குவார்கள். கடைசியில் இருப்பது காய வைக்கிற கொட்டகை. சுற்றிலும் மேலே கண்ணாடிச் சில் பதித்த மதில். ரோட்டுப் பக்கம், முதல் கொட்டகையை ஒட்டி, ஒரே ஒரு கம்பிக் கதவு. மருந்துக் கொட்டகை வாசலில் ஒரு தண்டவாளத் துண்டைக் கம்பியில் கட்டித் தொங்கவிட்டு, பக்கத்திலேயே ஒரு இரும்புக் கம்பியும் வைத்திருந்தார்கள். தீயைக் கண்டவர் யாரானாலும் அதை அடிக்க வேண்டும். சத்தம் கேட்டதும் கையில் உள்ளதைப் போட்டுவிட்டு எல்லோரும் வெளியே போக வேண்டும். அதைத்தான் மணி என்பார்கள்.

அந்த மணி சும்மாவே அடித்துக்கொண்டிருந்தது. மருந்துக்கு வேண்டிய வச்சிரப் பசையைக் காய்ச்சுகிற அடுப்பு, மருந்துக் கொட்டகைக்கு ஒட்டினாற்போல இருந்தது. காற்று திரும்பினால் அந்த அடுப்புப் புகை கொட்டகைக் கூரை மேல் ஏறி வரும். கட்டை அடுக்குகிற கொட்டகைக்கு அந்தப் பக்கம் ஜன்னலே கிடையாது. சுவரின் உச்சியில் காற்று வர ஒரு இடைவெளி விட்டிருந்தார்கள். அதன் வழியாகப் புகை தெரியும், அது எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. ஆடி மாதம் வந்தால் கரிசல் புழுதி சுழன்று எழும்பும். அதுவும் அந்த இடைவெளியில் புகையாகத்தான் தெரியும். முக்கும்போது ஒரு கட்டை பற்றிக்கொள்ளும், ஆட்கள் மணலைப் போட்டு அமுக்கிவிடுவார்கள், அதற்குள் எவளாவது ஓடிப்போய் அடித்திருப்பாள்.

மேனேஜர் சங்கையாவுக்கு ஒவ்வொரு பொய் மணியும் முதலாளியிடம் வாங்கும் ஒரு வசவு. பாதி முக்கின கட்டை வீணாகும். மருந்து இறுகிவிடும். சீசன் நேரத்தில் ஆர்டர் நின்றுபோகும். சங்கையா பொல்லாதவர் என்று யாரும் சொன்னதில்லை. நிலம் வைத்திருந்த குடும்பத்துப் பிள்ளை, நாலு எழுத்துப் படித்தவர், வெள்ளை வேட்டியில் ஒரு கறை விழாமல் நாள் முழுதும் மருந்துக்கு நடுவே நடக்கத் தெரிந்தவர். அவர் யோசித்துக் கண்டுபிடித்த வழி எளிதானது. யார் பொய்யாக அடித்தாலும் அன்று பொழுது அடைகிற வரை கதவுக்கு வெளியே வெயிலில் நிற்க வேண்டும். ரோட்டில் போகிற வருகிறவர்கள் பார்ப்பார்கள்.

"பயந்தாங்கொள்ளிக் கழுதைகளுக்கு வேற என்ன வைத்தியம்?" என்றார்.

வைத்தியம் வேலை செய்தது. மணி குறைந்தது. புகையைக் கண்ட பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஆனாலும் ஆடிக் காற்றில் ஒரே வாரத்தில் மறுபடி மறுபடி அடித்துவிட்டது. அந்த வாரம் சங்கையா இன்னொரு காரியம் செய்தார். அதைப் பற்றி அய்யம்மாளுக்குத் தெரியவில்லை.

வெள்ளைத்தாய் விழுந்த நாளில் மணியை அடித்தவன் இருளாண்டி. முக்கின கட்டைகளைத் தூக்கிக்கொண்டு போய்க் காயப் போடுகிறவன். அய்யம்மாள் தெருவில் நாலு வீடு தள்ளிக் குடியிருந்தான், அண்ணே என்றுதான் அவனைக் கூப்பிடுவாள். மருந்துக் கொட்டகைக் கூரையில் புகை கிளம்பியதைப் பார்த்தான். வெயிலில் நிறுத்துவார்களே என்று ஒரு நிமிஷம் தயங்கினான். புகை இன்னும் கறுத்தது. அடித்துவிட்டான்.

அய்யம்மாள் அப்போது கொட்டகையின் கோடியில் காலிச் சட்டங்களை எடுக்கப் போயிருந்தாள். வெள்ளைத்தாய் கதவுக்குக் கிட்டே உட்கார்ந்திருந்தாள். வயிற்றுப் பிள்ளைக்காரி, சீக்கிரம் வெளியே போகட்டும் என்று அந்த இடத்தை அய்யம்மாள்தான் கேட்டு வாங்கிக் கொடுத்திருந்தாள். அவள் கூட்டத்தை இடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது கதவு திறந்து கிடந்தது, பெண்கள் ரோட்டில் நின்று அழுதுகொண்டிருந்தார்கள், நிலைப்படி ஓரத்தில் வெள்ளைத்தாய் ஒருக்களித்துக் கிடந்தாள். சேலையெல்லாம் செருப்பில்லாத கால்களின் கரிமண். கண் திறந்திருந்தது.

"அக்கா, மேல ஏறிட்டாக" என்றாள்.

வண்டி கட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். பிள்ளை முதலில் போயிற்று. மறுநாள் அவளும் போய்விட்டாள்.

காரியம் முடியுமுன்னே சங்கையா வீட்டுக்கு வந்தார். தெருவில் நின்றபடியே பேசினார்.

"முதலாளி ரொம்ப வருத்தப்பட்டாக. நாங்களும் எம்புட்டோ சொல்லிப் பார்த்தோம், பொய்யா மணியை அடிக்காதீக, அடிக்காதீகன்னு. கேட்டானா? வச்சிர அடுப்புப் புகையைப் பார்த்துட்டு அடிச்சிருக்கான் இருளாண்டி. அவனை வேலையை விட்டு நிப்பாட்டியாச்சு."

செல்லப்பாண்டி தலையைக் குனிந்துகொண்டு கேட்டான். அய்யம்மாள் குனியவில்லை. சங்கையா தெரு திரும்புமுன் அவள் இருளாண்டி வீட்டு வாசலில் நின்றாள்.

"ஏலே இருளாண்டி, வெளிய வாலே!"

பேர் சொல்லி அவள் அவனைக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவன் வெளியே வந்தான். பின்னால் அவன் பெண்சாதி இருளம்மாள்.

"உனக்குக் கண்ணு இல்லையாலே? அடுப்புப் புகைக்கும் தீக்கும் வித்தியாசம் தெரியாதவன் எதுக்குலே கம்பியைத் தொட்ட? ரெண்டு உசுரைத் தின்னுட்டு வீட்டுக்குள்ள உக்காந்து கஞ்சி குடிக்கியா?"

"அய்யம்மா, புகை கறுப்பா வந்துச்சு. உள்ள அம்புட்டுப் பேரு இருந்தாக. நான் எப்படித்தா அடிக்காம இருப்பேன்?"

அவள் குனிந்து தெரு மண்ணை இரண்டு கையாலும் வாரி அவன் முகத்தில் அடித்தாள். அவன் துடைத்துக்கொள்ளவில்லை. இருளம்மாள்தான் முந்தானையை எடுத்துக்கொண்டு முன்னால் வந்தாள். அய்யம்மாள் அவளையும் ஏசினாள். தெருவே பார்த்துக்கொண்டிருந்தது. யாரும் தடுக்கவில்லை. அந்தக் கூட்டத்தில் கம்பெனிப் பெண்களும் இருந்தார்கள். அவர்களில் சிலருக்கு நடந்தது என்னவென்று தெரியும்.

இருளாண்டிக்குச் சாத்தூரில் வேறு கம்பெனி எதுவும் வேலை கொடுக்கவில்லை. பொய் மணிக்காரன் என்று பேராகிவிட்டது. குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளம் பக்கம் சுண்ணாம்புக்கல் உடைக்கப் போனான்.

கம்பெனியில் தண்டவாளத் துண்டை மருந்துக் கொட்டகை வாசலிலிருந்து கழற்றினார்கள். ஆபீஸ் அறைக்குப் பக்கத்தில் கம்பி வலைக் கூண்டு ஒன்று செய்து, அதற்குள் தொங்கவிட்டுப் பூட்டினார்கள். சாவி சங்கையா இடுப்பில். தீ என்று யாராவது வந்து சொன்னால் அவர் போய்ப் பார்ப்பார். தீதான் என்றால் பூட்டைத் திறந்து அடிப்பார். அய்யம்மாள் அந்தக் கூண்டைப் பார்த்து நல்ல காரியம் என்று நினைத்தாள். முன்னாலேயே செய்திருந்தால் தங்கச்சி இருப்பாளே என்று அழுதாள்.

தீபாவளி போயிற்று, பொங்கல் போயிற்று. ஒரு பொய் மணி இல்லை. முதலாளி வந்தபோதெல்லாம் சங்கையா அதைச் சொல்லிக் காட்டினார். ஊரில் மற்ற கம்பெனிக்காரர்கள் வந்து கூண்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

மாசி மாதம் ஒரு நடுப்பகலில் மருந்துக் கொட்டகையில் நிஜமாகவே பற்றியது. முக்குகிற பலகைக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்த கட்டைகள் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவின. உள்ளே இருந்தவர்கள் மணலை அள்ளிப் போட்டார்கள். ஒருத்தன் ஆபீஸுக்கு ஓடினான். சங்கையா அங்கே இல்லை. லோடு விஷயமாக ரயிலடிக்குப் போயிருந்தார், சாவியும் அவரோடு போயிருந்தது. ஓடினவன் கூண்டு வலையைக் கையால் பிடித்து உலுக்கினான், கத்தினான். வெறும் வலைதான் குலுங்கியது.

கட்டை அடுக்குகிற கொட்டகையில் பெண்கள் பாட்டுப் பாடிக்கொண்டு குச்சி அடுக்கினார்கள். அய்யம்மாள்தான் முதலில் வாசனையை உணர்ந்தாள். நிமிர்ந்து பார்த்தால் சுவர் உச்சி இடைவெளியில் மஞ்சளாகப் புகை. அது அடுப்புப் புகை நிறம் இல்லை.

"எந்திரிங்கடி!" என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த முத்துமாரியம்மாள் அவள் கையைப் பிடித்து இழுத்தாள்.

"மணி அடிக்கலயே அக்கா?"

"மணி கிடக்கு, எந்திரிடி!"

ஓடினார்கள். கதவுக்குப் போய்ச் சேர்ந்தபோது கதவில் சங்கிலி சுற்றிப் பூட்டு தொங்கியது. வெளியே காவல்காரன் மாரிசாமி, வயசாளி, சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றான்.

"தொற!" என்றாள் அய்யம்மாள்.

"மேனேஜர் உத்தரவு இல்லாம தொறக்கக் கூடாது தாயி. மணியும் அடிக்கல. பொய்யா இருந்தா என் வேலை போயிரும்."

"புகை உன் கண்ணுக்குத் தெரியலையா?"

"அன்னைக்கும் இப்படித்தான தாயி தெரிஞ்சுச்சு..." என்றவன் வாயை மூடிக்கொண்டான்.

பின்னாலிருந்து நெருக்கினார்கள். அய்யம்மாள் இரண்டு கையையும் கதவில் ஊன்றி, முதுகைக் கொடுத்துத் தள்ளுகிறவர்களைத் தாங்கினாள். தாங்கிக்கொண்டே கம்பி இடுக்கு வழியாகக் கேட்டாள். கத்தவில்லை.

"அன்னைக்கும் சங்கிலி போட்டிருந்துச்சா?"

மாரிசாமி சாவியைப் பூட்டில் நுழைத்தான்.

"சொல்லு சித்தப்பா. வெள்ளைத்தாயி விழுந்தன்னைக்கு இந்தக் கதவு பூட்டிக் கிடந்துச்சா?"

"ஆமா தாயி" என்றான். "அந்த வாரந்தான் போடச் சொன்னாக. நீங்க உள்ள போனப்புறம் போட்டு, வீட்டுக்குக் கிளம்புறதுக்கு முன்னாடி எடுத்துருவேன். பொய் மணிக்கெல்லாம் வெளிய ஓடுறாகளாம். நான் சொல்லுற வரைக்கும் தொறக்காதேன்னு மேனேஜர் சொன்னாக. அவுக வந்து சொல்லுறதுக்குள்ள..."

சங்கிலி கீழே விழுந்தது. பெண்கள் வெளியே வந்தார்கள். மருந்துக் கொட்டகைக்குள் தீயை மணல் போட்டு அணைத்துவிட்டார்கள், இரண்டு பேருக்குக் கையும் நெஞ்சும் வெந்தன. காற்று அன்றைக்கு அடங்கியிருந்தது, அதனால் அவ்வளவோடு போயிற்று.

ரோட்டோரத்தில் அய்யம்மாள் முத்துமாரியம்மாளைப் பிடித்தாள். அவளும் அன்று கதவுக்குக் கிட்டே உட்கார்ந்திருந்தவள்.

"உனக்குத் தெரியுமாடி?"

முத்துமாரியம்மாள் அழுதாள். "தெரியும் அக்கா. கதவைப் புடிச்சு உலுக்குனோம். பின்னாடி இருந்து எல்லாரும் அமுக்குனாக. தொறந்ததும் அம்புட்டுப் பேரும் ஒருசேரப் போய் விழுந்தோம். அடியில அவ."

"ஏன்டி சொல்லல?"

"எப்படிச் சொல்ல? நீ இருளாண்டி அண்ணனைக் கடிச்சுத் தின்னுக்கிட்டு இருந்த. சங்கிலியைப் பத்தி வாயைத் தொறந்தா நாளைக்குக் கட்டை கிடையாதுன்னு எங்ககிட்ட சொல்லியிருந்தாக. எனக்கும் புள்ளை குட்டி இருக்குல்ல?"

அய்யம்மாள் அவளை அறைந்தாள். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அத்தனை மாதமும் அவள் கோபம் தப்பான வாசலில் போய் நின்றிருக்கிறது. தன் கையால் வாரிய மண் ஞாபகம் வந்தது. தங்கச்சியைக் கதவுக்குப் பக்கத்தில் உட்கார வைத்ததும் ஞாபகம் வந்தது. கூண்டைப் பார்த்து நல்ல காரியம் என்று நினைத்தது எல்லாவற்றையும்விட எரித்தது.

மறுநாள் காலையில் கம்பெனிக் கதவுக்கு எதிரே அவள் உட்கார்ந்திருந்தாள். வேலைக்கு வந்த பெண்கள் அவளைத் தாண்டி உள்ளே போகப் பார்த்தார்கள். அவள் யாரையும் தடுக்கவில்லை.

"போறவ போங்க. எந்தக் கதவு வழியாப் போறீகன்னு ஒரு தடவை பார்த்துட்டுப் போங்க. வெந்து போன ரெண்டு பேரும் ஆஸ்பத்திரியில கெடக்காக. அவுகளுக்கும் மணி அடிக்கல."

முத்துமாரியம்மாள் முதலில் நின்றாள். கன்னத்தில் வீக்கம் வற்றவில்லை. அவளுக்குப் பிறகு ஒவ்வொருத்தியாக நின்றார்கள். சங்கையா வெளியே வந்தார்.

"என்ன இது? சீசன் நேரத்துல கூத்தா? வேலைக்கு வரப் பிரியம் இல்லேன்னா வீட்டுக்குப் போ."

"வேலைக்குத்தான் வந்திருக்கேன் ஐயா. அந்தச் சங்கிலியை எடுங்க, உள்ள வாரேன்."

"ஏ அய்யம்மா, யோசிச்சுப் பேசு. உன் தங்கச்சி எதனால செத்தா? பொய் மணியால செத்தா. அந்தப் பொய் மணியை நான் ஒழிச்சேன். இம்புட்டு மாசத்துல ஒண்ணு அடிச்சுச்சா? உனக்குத்தான நல்லது செஞ்சேன்?"

"பொய் மணியை ஒழிச்சீகளா? நேத்து நெசமான மணியும் சேர்ந்துல்ல ஒழிஞ்சு போச்சு!" அவள் எழுந்தாள். "பொய்யா ஏன் அடிக்குதுன்னு என்னைக்காவது கேட்டீகளா? அடிச்சவளை வெயில்ல நிப்பாட்டுனீக. கம்பியைக் கூண்டுக்குள்ள போட்டீக. எங்களை உள்ள வச்சுப் பூட்டுனீக. அந்த அடுப்பு மட்டும் அங்கனயேதான் இருக்கு!"

பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "ஆமா ஐயா, அந்த அடுப்பை மருந்துக் கொட்டகைக்குப் பக்கத்துல எவன் வச்சான்?"

"எங்களுக்குச் சுவத்துல ஒரு ஜன்னல் உண்டா? புகை எங்கன இருந்து வருதுன்னு எப்படிப் பாக்க?"

"நான் புழுதியைப் பார்த்துட்டு அடிச்சேன், நாள் பூரா நின்னேன். எட்டிப் பாக்க ஒரு ஓட்டை இருந்தா நான் ஏன் அடிக்கப் போறேன்?"

"தீயை அணைச்சாச்சுன்னு யாராவது வந்து சொல்லுறீகளா? அதுவும் இல்ல!"

எல்லோரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள். வெயிலில் நின்றவர்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். இவ்வளவு நாளும் ஒவ்வொருத்தியும் தன் புத்திக்குறைவு என்று நினைத்து வெட்கப்பட்டதை இப்போது ரோட்டில் நின்று சொன்னார்கள். சங்கையா கையை உயர்த்தி ஏதோ சொன்னார், காதில் விழவில்லை.

அன்று மாலை முதலாளி காரில் வந்து இறங்கினார். ரயிலில் ஏற்ற வேண்டிய லோடு பாதியில் கிடந்தது. அவர் அதிகம் பேசவில்லை. சங்கிலியைப் பார்த்தார். சங்கையாவை உள்ளே கூப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டார். வெளியே வந்து, "சங்கிலி இனிமே கிடையாது. அடுப்பை மதில் ஓரத்துக்கு மாத்தச் சொல்லியிருக்கேன். நாளைக்கு வந்துருங்க" என்றார்.

"ஜன்னல்?" என்றாள் அய்யம்மாள்.

"வெட்டலாம்."

"கூண்டு?"

"எடுத்துரலாம்."

"வெயில்ல நிப்பாட்டுறது?"

"அதுவும் இல்ல."

"இருளாண்டி அண்ணனைத் திரும்ப எடுக்கணும்."

"அது மட்டும் முடியாது" என்று சொல்லிவிட்டுக் காரில் ஏறினார். அவனை எடுத்தால் சங்கிலியை ஒப்புக்கொண்டதாகிவிடும். அது அவருக்குத் தெரியும், அவளுக்கும் தெரிந்தது. கார் கிளப்பின புழுதியில் அவள் நின்றாள். பெண்களோ சந்தோஷமாகக் கலைந்துகொண்டிருந்தார்கள். கேட்டதில் முக்கால்வாசி கிடைத்துவிட்டது, இன்னும் என்ன என்று அவர்கள் முகம் சொன்னது.

அடுப்பு மாறியது. சுவரில் இரண்டு ஜன்னல் வெட்டினார்கள். மருந்துக் கொட்டகை அதில் நேராகத் தெரிந்தது. தண்டவாளத் துண்டு பழைய இடத்துக்கு வந்தது. புகை தெரிந்தால் ஒருத்தி எழுந்து ஜன்னலில் எட்டிப் பார்ப்பாள், ஒன்றுமில்லை என்று கை காட்டுவாள், மற்றவர்கள் குச்சி அடுக்குவார்கள்.

பங்குனியில் அய்யம்மாள் ஆண்டிச்சாமியைக் கூட்டிக்கொண்டு ஆலங்குளம் பக்கம் போனாள். கல் உடைக்கிற இடத்தில் இருளாண்டியைக் கண்டுபிடிக்க நேரமாயிற்று. தலைமுடி, புருவம் எல்லாம் சுண்ணாம்புத் தூள். அவள் அவன் காலடியில் உட்கார்ந்து சொல்ல வந்ததைச் சொன்னாள். இப்போது ஜன்னல் வெட்டியிருப்பதையும், அன்று கதவு பூட்டியிருந்ததையும் சொன்னாள்.

"எனக்குத் தெரியும்" என்றான் அவன். "அன்னைக்கே தெரியும்."

"ஏன் அண்ணே சொல்லல? நான் மண்ணை வாரி அடிக்கையிலகூட..."

"நீ கேக்குற நிலையில இருந்தியா? கம்பெனியில சொன்னேன். வாயைத் தொறந்தா போலீஸ்ல புடிச்சுக் குடுப்போம், ரெண்டு உசுருக்கு நீதான் பொறுப்புன்னாக."

"மன்னிச்சிரு அண்ணே."

அவன் சுத்தியலை எடுத்துக் கல்லைத் திருப்பி வைத்தான். பதில் சொன்னது இருளம்மாள்.

"உங்களுக்கு ஜன்னல் கிடைச்சிருச்சு. எங்களுக்கு என்னத்தா கிடைச்சது? என் மக இங்கன கல்லுச் சுமக்கா. நீ எல்லாரு முன்னாடியும் ஏசுன. மன்னிப்பை மட்டும் யாரும் இல்லாத இடத்துல வந்து கேக்குற."

அய்யம்மாள் எழுந்தாள். வரும் வழியெல்லாம் ஆண்டிச்சாமி ஏதேதோ சமாதானம் சொல்லிப் பார்த்தான். ஊர் வந்ததும் அவள் தெரு முக்கில் நின்று, சாயங்காலம் எல்லோரும் வீடு திரும்புகிற நேரத்தில், உரக்கச் சொன்னாள். இருளாண்டி மேல் ஒரு தப்பும் இல்லை, கதவைப் பூட்டினது கம்பெனி, நான் ஏசினது அநியாயம். நின்று கேட்டவர்கள் கேட்டார்கள். சிலர் சிரித்தார்கள்.

அடுத்த வருஷம் கம்பெனிக்கு ஒரு அதிகாரி சோதனைக்கு வந்தார். சங்கையா அவருக்குக் கொட்டகைகளைச் சுற்றிக் காட்டினார். ஜன்னலுக்குப் பக்கத்தில் நின்று, "முன்னாடி எல்லாம் பொய் மணி ரொம்பத் தொந்தரவு சார். நான்தான் யோசிச்சு இந்த ஜன்னலை வெட்டச் சொன்னேன். அடுப்பையும் மாத்துனேன். இப்ப அந்தத் தொல்லையே இல்ல" என்றார். அதிகாரி தலையாட்டினார்.

அய்யம்மாள் கட்டையைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள்.

"சார், அது என் தங்கச்சி வெள்ளைத்தாயி செத்ததுக்கு அப்புறம் வெட்டுன ஜன்னல்."

அதிகாரி திரும்பினார். "யாரும்மா வெள்ளைத்தாயி?"

"இந்தக் கதவுல மிதிபட்டுச் செத்தவ. உள்ள இருந்து வெளிய போக முடியாம சங்கிலி போட்டிருந்தாக. வயித்துல புள்ளை இருந்துச்சு. மணி அடிச்சவன் மேல பழியைப் போட்டு ஊரை விட்டு வெரட்டிட்டாக. அவன் பேரு இருளாண்டி. எழுதிக்கோங்க."

அதிகாரி மற்ற பெண்களைப் பார்த்தார். "அப்படியாம்மா?" என்று கேட்டார். ஒருத்தியும் நிமிரவில்லை. முத்துமாரியம்மாள் மட்டும் எழுந்து நின்றாள், ஆனால் வாயைத் திறக்க அவளால் முடியவில்லை. அப்படியே நின்றாள். அதிகாரி என்ன எழுதினார், எழுதினாரா என்றுகூட யாருக்கும் தெரியாது. கம்பெனி மேல் ஒன்றும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அய்யம்மாளுக்குக் கட்டை இல்லை, இனி வேலைக்கு வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

அவள் வீட்டிலிருந்தே தீப்பெட்டி ஒட்டிப் பிழைத்தாள். செல்லப்பாண்டி வேறு கல்யாணம் செய்துகொண்டான். அந்தக் கல்யாணத்துக்குப் போய்ப் பந்தியில் பரிமாறினாள். அவன் மேல் அவளுக்குக் கோபம் இல்லை. முத்துமாரியம்மாள் மேலும் போகப் போக இல்லாமல் போயிற்று. சங்கையாவைத் தெருவில் கண்டால் மட்டும் வழிவிட மாட்டாள். நடுத்தெருவில் நிற்பாள். அவர்தான் ஓரமாக ஒதுங்கிப் போவார்.

ஒட்டின பெட்டிகளைக் கட்டிச் சுமந்துகொண்டு போகும்போது ஒருநாள் முத்துமாரியம்மாள் எதிரே வந்தாள்.

"அக்கா, நேத்து மணி அடிச்சுச்சு. பொய் மணி. புதுசா வந்த புள்ள ஒருத்தி புழுதியைப் பார்த்துட்டு அடிச்சிருக்கா. எல்லாரும் வெளிய வந்தோம். கதவு தொறந்துதான் இருந்துச்சு. ஒருத்தரும் விழல. பார்த்துட்டு உள்ள போயிட்டோம்."

"அந்தப் புள்ளயை என்ன செஞ்சாக?"

"ஒண்ணும் செய்யல. மேனேஜர் வந்து எட்டிப் பார்த்துட்டு, சரி சரி, போய் வேலையைப் பாருங்கன்னாரு. அம்புட்டுத்தான்."

"அம்புட்டுத்தானா?" என்றாள் அய்யம்மாள். தலைச்சுமை அவள் தலையில் ஆடியது. "எட்டிப் பார்த்துட்டு, போய் வேலையைப் பாருங்கன்னு சொல்ல, அந்த ஆளுக்கு என் தங்கச்சி சாகணுமாடி?"

முத்துமாரியம்மாள் அவள் கையைப் பிடிக்க வந்தாள். அய்யம்மாள் கையை உதறிக்கொண்டு, சுமையை நேராக்கிக்கொண்டு, விறுவிறுவென்று நடந்தாள்.